செல்லுக்குள் புரதத்தை உடைக்க ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் காசு) எதற்கு? வயிற்றில் சும்மாவே செரிக்கிறதே?

தண்டையார்பேட்டை டியூஷன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். செரிமானம் நடத்தும்போது காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், மதியம் தின்ற நெத்திலியை உடைக்க பெப்சின், டிரிப்சின், தண்ணீர் இருந்தால் போதும், ஏடிபி வேண்டாம் என்கிறீர்கள். செல்லுக்குள் இருப்பதும் புரதம்தான். அதை உடைக்க மட்டும் ஏடிபி வேண்டும் என்று கைடில் போட்டிருக்கிறதே, ஏன்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்பு நீரால் உடையும்போது ஆற்றல் வெளியேதான் வரும், உள்ளே போகாது. அப்படியிருக்க செல் ஏன் காசு கொடுத்து உடைக்கிறது? இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. சில புரதங்களை செல் தயாரித்த சில நிமிடங்களிலேயே உடைத்துவிடுகிறது என்று படித்தேன். இது வீண் செலவு இல்லையா? எதை உடைக்கலாம், எதை விடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளைகளுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள், புத்தகத்து வரியை அப்படியே ஒட்ட வேண்டாம்.

மணலி_77

இதில் என்ன இருக்கிறது, லைசோசோம்தான் செல்லின் வயிறு. உள்ளே அமிலம் இருக்க வேண்டும், அமிலத்தைப் பம்ப் செய்து நிரப்ப ஏடிபி வேண்டும். அவ்வளவுதான். பையனிடம் இதைச் சொல்லுங்கள், முடிந்தது.

ரெட்டிகுலோசைட்

மணலி அண்ணே, பம்புக்கு ஏடிபி வேண்டும் என்பது சரி, ஆனால் அக்கா கேட்டதற்குப் பதில் அது இல்லை. 1950களில் கிறிஸ்டியன் டி டூவ் லைசோசோமைக் கண்டுபிடித்த பிறகு பல வருடம் எல்லோரும் நீங்கள் சொல்வதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் அந்தக் கணக்கு உதைத்தது.

முதலாவது, லைசோசோமின் அமிலத்தைக் குறைக்கும் குளோரோகுயின் என்ற மருந்தைச் செல்லுக்குக் கொடுத்துப் பார்த்தால் வெளியிலிருந்து விழுங்கிய புரதம் உடைவது நிற்கிறது, ஆனால் செல்லே தயாரித்த குறுகிய ஆயுள் புரதங்கள் பாட்டுக்கு உடைந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது, ரெட்டிகுலோசைட். (என் பெயர் அதுதான், ஆமாம், ராயபுரத்தில் ரத்த சாம்பிளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேறென்ன பெயர் இருக்கும்.) இது முதிராத சிவப்பணு. இதில் நியூக்ளியஸ் போய்விடும், லைசோசோமும் இருக்காது. ஆனாலும் கோணலாக உருவான ஹீமோகுளோபினை அது விரைவாக உடைத்துத் தள்ளும், அதுவும் ஏடிபி இருந்தால் மட்டும். 1977இல் எட்லிங்கரும் கோல்ட்பெர்க்கும் இந்தச் செல்லைக் கசக்கி எடுத்த சாற்றிலேயே இதைக் காட்டினார்கள். அப்படியானால் லைசோசோம் அல்லாத இன்னொரு வழி இருந்தாக வேண்டும்.

அந்தப் பையனின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை அக்கா. 1953இல் சிம்ப்சன் என்பவர் எலியின் கல்லீரல் துண்டுகளில் ஆற்றலை நிறுத்தினால் புரதம் உடைவதும் நிற்கிறது என்று பார்த்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாமல் கால் நூற்றாண்டு கிடந்த கேள்வி அது. அதைப் பிடித்துக்கொண்டு போன ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, அவருடைய மாணவர் ஆரோன் சீக்கனோவர், கூட வேலை செய்த அமெரிக்கர் இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அவர்கள் செய்த வேலை ரொம்ப எளிமையானது. இஸ்ரேலில் ஹைஃபாவில் உள்ள டெக்னியானில் முயலின் ரெட்டிகுலோசைட் சாற்றை எடுத்து இரண்டு பங்காகப் பிரித்தார்கள். தனித்தனியாக எதுவும் உடைக்கவில்லை, திரும்பச் சேர்த்தால் உடைத்தது. முதல் பங்கு முழுக்க ஹீமோகுளோபின், அதைக் கழிப்பது பெரும்பாடு. அதைக் கொதிக்க வைத்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் திரிந்து அடியில் படிந்தது, தேவையான பொருள் மட்டும் ஒன்றும் ஆகாமல் மேல்நீரில் நின்றது! கொதித்தும் கெடாத அந்தச் சின்னப் புரதம்தான் யுபிகுவிட்டின், 76 அமினோ அமிலம். இதை ஏற்கெனவே 1975இல் கோல்ட்ஸ்டைன் வேறொரு வேலையில் கண்டெடுத்திருந்தார், எங்கே பார்த்தாலும் இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தார், எதற்கு என்று அப்போது தெரியாது.

1980இல் தெரிந்தது இதுதான்: இந்த யுபிகுவிட்டின் உடைபட வேண்டிய புரதத்தின் மேலேயே போய் வலுவான வேதிப் பிணைப்பாக ஒட்டிக்கொள்கிறது. வெட்டும் நொதிக்குத் துணை நிற்கும் பொருளாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது இலக்கின் மேல் வைக்கும் முத்திரையாக இருந்தது.

பையனுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வெட்டுவதற்கு ஏடிபி வேண்டாம், அவன் சொன்னது சரி. முத்திரை வைக்க ஒரு ஏடிபி, முத்திரை பட்ட புரதத்தை அவிழ்த்து உள்ளே இழுக்க இன்னும் நிறைய ஏடிபி. அந்த உள்ளே எது என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன், இங்கே மெஷின் கூப்பிடுகிறது.

மணலி_77

சரி, குளோரோகுயின் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் லைசோசோமை ஒரேயடியாக ஓரங்கட்டாதீர்கள், செல் தன் பாகங்களையே லைசோசோமில் போட்டுச் செரிக்கும் ஆட்டோஃபேஜிக்காக 2016இல் ஓசுமிக்கு நோபல் கொடுத்தார்களே.

ஜீரோ கேட் பாபு

நான் உயிரியல் படித்தவன் இல்லை, கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை, மகள் படிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். துறைமுக கேட்டில் இருப்பவருக்குப் பெட்டிக்குள் என்ன சரக்கு என்று கவலை இல்லை, பாஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பாஸ் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் நாள் பூராவும் வெளியே. யுபிகுவிட்டின் அந்த பாஸ் மாதிரி என்று என் மகள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். சரிதானா தம்பி?

ரெட்டிகுலோசைட்

அண்ணே, பிரமாதம், உங்கள் மகளுக்கு என் வணக்கம். அந்த கேட்டிலிருந்தே தொடர்கிறேன்.

செல்லில் அந்த கேட்டுக்குப் பெயர் புரோட்டியசோம். நடுவில் ஒரு பீப்பாய், ஏழேழு துண்டுகளாக நான்கு வளையம் அடுக்கியது, மொத்தம் 28 துண்டு. வெட்டும் இடங்கள் எல்லாம் நடுவிலுள்ள இரண்டு வளையத்தின் உட்பக்கத்தில் இருக்கின்றன. வெளிவளையங்கள் வாசலை மூடியே வைத்திருக்கும், திறந்தாலும் சந்து ரொம்பக் குறுகல், மடிந்து உருண்டிருக்கும் எந்தப் புரதமும் அதில் நுழையாது. செல்லுக்குள் ஒரு நல்ல கத்தி சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிவிடும், செல் செத்துவிடும். நம் வயிற்றில் பெப்சின் கண்டபடி வெட்டலாம், அங்கே இருப்பதெல்லாம் சாப்பாடு. செல்லுக்குள் வெட்ட வேண்டியதும் காக்க வேண்டியதும் ஒரே திரவத்தில் அக்கம்பக்கமாக மிதக்கின்றன, அதனால்தான் கத்தியைப் பீப்பாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டுக்கான செலவுதான் ஏடிபி. பையனிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

பீப்பாயின் தலைமாட்டில் ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். அதுதான் முத்திரையைப் பார்ப்பது. தொப்பியின் அடியில் ஏடிபியைச் செலவழிக்கும் ஆறு நொதிகள் வட்டமாக இருந்து, புரதத்தின் தளர்ந்த நுனியைப் பிடித்து இழுத்து, மடிப்பை அவிழ்த்து, இழையாக்கிப் பீப்பாய்க்குள் தள்ளும். இழுக்கும்போதே யுபிகுவிட்டினை மட்டும் ஒரு நொதி கழற்றி வெளியே விட்டுவிடும். பாஸை கேட்டிலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் பாபு அண்ணே, அடுத்த வண்டிக்கு அதையே எழுதுவார்கள். மறுபக்கம் வெளிவருவது சின்னச் சின்னத் துண்டுகள், அவற்றை வேறு நொதிகள் அமினோ அமிலமாக்கும். சில துண்டுகளை செல் தன் மேல்தோலில் தூக்கிக் காட்டும், வைரஸ் புகுந்திருக்கிறதா என்று நோய் எதிர்ப்புக் காவலர்களான டி செல்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் துறைமுகம் ஒத்துவராது. அங்கே பாஸ் கொடுப்பது ஓரிரு இடம். இங்கே மூன்று படி. ஈ1 என்ற நொதி ஏடிபி செலவழித்து யுபிகுவிட்டினைத் தயார் செய்யும், மனிதனில் இது இரண்டே இரண்டு. அது ஈ2விடம் கைமாற்றும், இவை ஏறத்தாழ நாற்பது. கடைசியில் இலக்கைக் கண்டுபிடித்து ஒட்டவைப்பது ஈ3, இவை 600க்கும் மேல்! அக்கா கேட்ட "யார் முடிவு செய்கிறார்கள்" என்பதற்குப் பதில் இந்த ஈ3 கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று சில புரதங்கள், அவற்றில் ஏதாவது அடையாளம் தென்பட்டால்தான் கை வைக்கும்.

மணலி அண்ணே, ஆட்டோஃபேஜி பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். பீப்பாயில் ஒரு நேரத்தில் ஒரு புரதம் இழையாகத்தான் போகும். பழுதான மைட்டோகாண்ட்ரியா, கட்டியாகத் திரண்ட புரதம் இதெல்லாம் அதில் நுழையாது, சவ்வால் சுற்றி லைசோசோமிடம்தான் அனுப்ப வேண்டும். அங்கேயும் யுபிகுவிட்டின் எட்டிப்பார்க்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியா மேல் முத்திரை வைக்கும் ஈ3களில் ஒன்று பார்கின், அது பழுதானால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் வரும்.

தண்டையார்பேட்டை டியூஷன்

தம்பி, மிக்க நன்றி. பூட்டிய கத்தி என்றதும் எனக்கே தெளிந்துவிட்டது. ஆனால் வீண் செலவு கேள்வி இன்னும் நிற்கிறது. ஈ3 ஒரு புரதத்தை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்குமா, அல்லது வேண்டும்போது மட்டுமா? எப்போதும் என்றால் அந்தப் புரதத்தைத் தயாரிப்பதே எதற்கு?

ரெட்டிகுலோசைட்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரதம் அவசரமாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீனைத் திறந்து, ஆர்என்ஏ எழுதி, அதை வெளியே அனுப்பி, ரைபோசோமில் கோத்து, மடித்து எடுக்க நேரமாகும். அதற்குப் பதில் அதை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருந்து எப்போதும் உடைத்துக்கொண்டும் இருந்தால், அவசரம் வந்த நொடியில் உடைப்பதை நிறுத்தினாலே போதும், அளவு கிடுகிடுவென்று ஏறிவிடும். செலவு உண்டு, ஆனால் கையில் கிடைப்பது வேகம்.

பி53 அப்படித்தான். டிஎன்ஏ கெட்டுப்போனால் செல் பிரிவதைத் தடுக்கும் புரதம் அது. சாதாரண நாளில் எம்டிஎம்2 என்ற ஈ3 அதைப் பிடித்து முத்திரை குத்திக்கொண்டே இருக்கும், சுமார் இருபது நிமிடத்தில் பாதி காலி. டிஎன்ஏ அறுந்தால் சில கைனேஸ் நொதிகள் பி53 மேல் பாஸ்பேட் ஒட்டுகின்றன, எம்டிஎம்2வால் சரியாகப் பிடிக்க முடியாது, பி53 குவிகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் தரும் எச்பிவி வைரஸ் 16, 18 வகைகள் இந்த இடத்தில்தான் புகுந்து விளையாடுகின்றன: அவற்றின் ஈ6 என்ற புரதம் (பெயரைப் பார்த்து இதையும் ஈ1, ஈ2 வரிசையில் சேர்த்துவிடாதீர்கள், இது வைரஸின் புரதம்) செல்லின் வேறொரு ஈ3யைக் கூட்டிக்கொண்டு வந்து பி53 மேல் ஏவிவிடும். பி53 இல்லாத செல் கேட்பாரற்றுப் பிரியும்.

ஆக்ஸிஜன் விஷயம் இன்னும் அழகு. எச்ஐஎஃப் என்ற புரதம் ஆக்ஸிஜன் குறைந்தால் வேலை செய்ய வேண்டியது. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதி அந்த ஆக்ஸிஜனையே எடுத்து எச்ஐஎஃப் மேல் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிவிடும், அதைப் பார்த்தால்தான் விஎச்எல் என்ற ஈ3க்கு அடையாளம் தெரியும், சில நிமிடத்தில் எச்ஐஎஃப் காலி. ஆக்ஸிஜன் குறைந்தால் ஒட்ட ஆளில்லை, அடையாளம் இல்லை, எச்ஐஎஃப் தங்கி, சிவப்பணு கூட்டும் எரித்ரோபாய்ட்டின் ஜீனைத் தட்டி எழுப்பும். ஆக்ஸிஜன் அளவுக்கு செல்லில் தனியாக மீட்டர் எதுவும் வைக்கவில்லை, புரதம் உடைவதே மீட்டர். 2019 மருத்துவ நோபல் இந்த வேலைக்குத்தான், கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூவருக்கும்.

இன்னொன்று, திசை. பாஸ்பேட்டை ஒட்டலாம், திரும்பக் கழற்றலாம். உடைத்துப் போட்ட புரதத்தை ஒட்ட முடியாது. அதனால் பின்னால் திரும்பவே கூடாத இடங்களில் செல் உடைப்பதைப் பயன்படுத்துகிறது. 1982இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதம் மெல்லச் சேர்ந்து, ஒவ்வொரு செல் பிரிவின்போதும் சடாரென்று காணாமல் போவதைப் பார்த்தார், சைக்ளின் என்று பெயரிட்டார். பின்னால் தெரிந்தது, ஏபிசி என்ற பெரிய ஈ3 அதை முத்திரை குத்தி அனுப்புகிறது. குரோமோசோம்கள் எல்லாம் சரியாக இழைகளில் மாட்டும்வரை இந்த ஏபிசி காத்திருக்கும், மாட்டியதும் சைக்ளினும், குரோமோசோம் ஜோடிகளைப் பிரியவிடாமல் காக்கும் செக்யூரினும் ஒன்றாக ஒழியும், செல் பிரிந்தே தீரும். 2001 நோபலில் ஹன்டுக்கும் பங்கு.

அப்புறம் பிள்ளைகள் "நான்கு யுபிகுவிட்டின் சங்கிலி இருந்தால் உடையும்" என்று மனப்பாடம் செய்வார்கள். யுபிகுவிட்டினின் 48ஆவது அமினோ அமிலமான லைசின் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த சங்கிலி உடைக்கச் சொல்கிறது என்பது பொதுவாகச் சரி, எண்ணிக்கையில் தொங்க வேண்டாம். 63ஆவது லைசின் வழியாகக் கோத்தால் பெரும்பாலும் அர்த்தமே வேறு, டிஎன்ஏ பழுதுபார்ப்பு போன்ற வேலைக்கு ஆள் கூப்பிடுவது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒற்றை யுபிகுவிட்டின் ஒட்டினால் அது உடைவதே இல்லை. முத்திரையே இல்லாமல் உள்ளே போகிறவர்களும் உண்டு, ஆர்னிதின் டீகார்பாக்ஸிலேஸ் என்ற நொதியை ஆன்ட்டிசைம் என்ற புரதம் கையைப் பிடித்து நேரே புரோட்டியசோமுக்குக் கூட்டிப்போகும்.

மொத்தத்தில் வளர்ந்த ஒருவர் உடம்பு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் புரதத்தை உடைத்துத் திரும்பக் கட்டுகிறது. மீனில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம் என்று வைத்தால் ஒரு கிலோவுக்கும் மேல் வஞ்சிரம். நாம் அவ்வளவு தின்பதில்லை, தின்னும் விலையிலும் இல்லை. உடைத்த அமினோ அமிலங்களைத்தான் பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்துகிறோம், அதனால் வீண் என்று நினைப்பதில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

பெரம்பூர் கல்பனா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா, போர்டெசோமிப் ஊசி போடுகிறார்கள். டாக்டர் "புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது இந்த இழையைப் படித்தால் பயமாக இருக்கிறது. எல்லா செல்லுக்கும் இவ்வளவு முக்கியமான வேலையை நிறுத்தினால் நல்ல செல்லும் சாகாதா? ஏன் புற்று செல்லுக்கு மட்டும் அடி?

வண்ணாரப்பேட்டை ஃபார்மசி

பயப்படாதீர்கள்மா. பதினைந்து வருடமாகப் புற்றுநோய் மருந்துகள் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்தளவு பற்றி எதுவானாலும் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மைலோமா என்பது பிளாஸ்மா செல்லில் வரும் புற்று. பிளாஸ்மா செல்லின் ஒரே தொழில் ஆன்டிபாடி செய்து வெளியே தள்ளுவது, அதுவும் மூச்சு விடாமல். அவ்வளவு புரதம் செய்யும்போது கோணலாக மடிந்தவையும் நிறைய வரும், அவற்றை உடைத்து ஒழிக்க அதன் புரோட்டியசோம் எப்போதுமே திணறிக்கொண்டுதான் இருக்கும். போர்டெசோமிப் பீப்பாயின் உள்ளே உள்ள வெட்டும் இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், பிறகு தானே விட்டுவிடும், நிரந்தரமாக ஒட்டாது. அந்தச் சிறிது நேரத் தடையைச் சாதாரண செல் தாங்கிவிடும், ஏற்கெனவே திணறுகிற மைலோமா செல்லால் தாங்க முடியாது. வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் ஊசி, நடுவில் இடைவெளி என்று வைப்பதும் மற்ற செல்கள் தேறி வருவதற்காக. 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து இது, இன்றைக்கு இங்கேயும் வழக்கமாகப் போடுகிறோம்.

நல்ல செல்லுக்கு ஒன்றுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். கை கால் விரல்களில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது மாதிரி வலி வந்தால் அம்மா "வயசானால் இப்படித்தான்" என்று சொல்லி மறைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள், அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ இடைவெளியையோ மாற்றுவார்கள். அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர் மாத்திரை கூடக் கொடுத்திருப்பார்கள், சம்பந்தமில்லாத மாத்திரை என்று நிறுத்திவிடாதீர்கள். கிரீன் டீ சாறு மாத்திரையை யாராவது "புற்றுக்கு நல்லது" என்று வாங்கிக் கொடுத்தால் வேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் போர்டெசோமிப்பில் இருக்கும் போரான் பகுதியோடு சேர்ந்து மருந்தை முடக்குவதைச் சோதனைக்கூடத்திலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள்.

பெரம்பூர் கல்பனா

ரொம்ப நன்றி அண்ணா. விரல் மதமதப்பு இருக்கிறது, ஆனால் அம்மா சொல்லவில்லை, சட்டை பட்டன் போடக் கஷ்டப்படுவதைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்கிறேன். கூடவே லெனலிடோமைடு என்று ஒரு மாத்திரையும் உண்டு, அதுவும் புரோட்டியசோமைத் தடுப்பதா?

ரெட்டிகுலோசைட்

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் இது நேர் எதிர். லெனலிடோமைடு தாலிடோமைடின் சொந்தக்கார மருந்து. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் கை கால் குறையாகப் பிறந்தார்களே, அதே தாலிடோமைடு. அது செல்லில் எதைப் பிடிக்கிறது என்பதே 2010இல்தான் தெரிந்தது: செரப்லான் என்ற ஒரு புரதம், அது ஒரு ஈ3யின் இலக்கு பிடிக்கும் கை. லெனலிடோமைடு அந்தக் கையில் போய் உட்கார்ந்தால் கையின் வடிவம் லேசாக மாறி, அது வழக்கமாகத் தொடாத இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களைப் பிடித்து முத்திரை குத்தத் தொடங்கும். மைலோமா செல் உயிரோடு இருக்க அந்த இரண்டும் வேண்டும். ஆக போர்டெசோமிப் உடைப்பதைத் தடுக்கிறது, லெனலிடோமைடு உடைக்க வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாதா என்று நானும் யோசித்திருக்கிறேன், ஆனால் நோயாளிகளிடம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் கூட்டாகவே கொடுக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை டியூஷன்

கல்பனா, அம்மா சீக்கிரம் தேறட்டும். தம்பி, அடுத்த வாரம் பிள்ளைகள் சைக்ளின் பற்றிக் கேட்டால் உங்களைத்தான் கூப்பிடுவேன், ராயபுரம் ஒன்றும் தூரம் இல்லை, டீயும் பஜ்ஜியும் நிச்சயம்.

ரெட்டிகுலோசைட்

வாழைக்காய் பஜ்ஜி என்றால் வருகிறேன் அக்கா. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் என்றால் தோது.